அரிப்பு முதலில், கறுப்பா பழுப்பா என்பது அப்புறம்

கேள்வி: வயது 46. ரங்கூன், தாம்வே. போன சனிக்கிழமை சாயந்திரம் பள்ளித் தோழிகள் ஐந்து பேர் 19ஆம் தெருவில் கூடினோம். சுட்ட மீனும் வெண்டைக்காயும் மேசைக்கு வருவதற்குள் பேச்சு தலைமுடிக்குத் திரும்பிவிட்டது. ஒருத்தி, "இந்த வயசுல மை மாதிரிக் கறுப்பு முகத்தை இறுக்கிக் காட்டுதுடி, பழுப்புக்கு மாறு" என்றாள். இன்னொருத்தி மருதாணியும் நீலச் சாயம் தரும் அவுரி இலையும்தான் நல்லது என்கிறாள். மூன்றாமவள், "அமோனியா இல்லாத டை வாங்கு, ஒண்ணும் செய்யாது" என்றாள். நாலாமவள் நரையை அப்படியே விட்டுவிட்டாள், அவளுக்கு அழகாகத்தான் இருக்கிறது. நான் எட்டு வருடமாகப் பாக்கெட்டில் வரும் கருமருதாணிப் பொடிதான் போடுகிறேன், மூன்று வாரத்துக்கு ஒரு தரம். முடி தோள் வரை. நெற்றி ஓரமும் காதோரமும் பாதிக்கு மேல் நரை. கொஞ்ச நாளாக டை போட்ட மறுநாள் காதுக்குப் பின்னாலும் நெற்றி ஓரத்திலும் அரிக்கிறது, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடுகிறது. புத்தாண்டு நீர் விழாவான திஞ்சானுக்கு முந்தின சனிக்கிழமை மறுபடி எல்லோரும் கூடுகிறோம். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் பழுப்புக்கு மாற முடியுமா? வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் முக்கியமான வரி. டை போட்ட அன்று ஒன்றுமில்லை, மறுநாள் அரிப்பு, இடம் காதுக்குப் பின்னாலும் நெற்றி ஓரத்திலும். இது தலை வறண்டதால் வரும் அரிப்பு மாதிரி இல்லை. சாய ஒவ்வாமை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். கறுப்பா பழுப்பா என்ற கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வீட்டில் மிச்சமிருக்கும் பாக்கெட்டுகளை முதலில் எடுத்து வையுங்கள். இனி அதைத் தலையில் போடக் கூடாது. மருத்துவரிடம் காட்ட ஒரு பாக்கெட் மட்டும் இருக்கட்டும்.

பெயரில் மருதாணி இருக்கிறதே என்று தோன்றும். மருதாணி இலையில் உள்ள நிறப்பொருள் லாசோன். அது நரைமுடியில் ஆரஞ்சும் செம்பழுப்பும் தரும், எத்தனை மணி நேரம் வைத்தாலும் தனியாகக் கறுப்புத் தராது. அரை மணியில் கரிய நிறம் பிடிக்கிற பொடியில் அந்த வேலையைச் செய்வது பாரா-ஃபினைலீன்டையமின், சுருக்கமாக பிபிடி. கூடவே அதைக் கறுக்க வைக்க ஒரு ஆக்சிகரணப் பொடியும் கலந்திருக்கும். இந்தப் பிபிடி முடிக்குள் போய் அங்கேயே பெரிய மூலக்கூறாகக் கட்டிக்கொள்வதால்தான் நிறம் நிற்கிறது. கட்டிக்கொள்வதற்கு முன் தோலில் படுவதுதான் வம்பு.

உடம்பு அதை ஒரு தடவை பகையென்று குறித்துக்கொண்டால் பிறகு மறப்பதில்லை. இந்த வகை ஒவ்வாமை உடனே வராது. 24 மணி முதல் 72 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். எட்டு வருடம் ஒன்றும் செய்யாததை இப்போது எப்படிக் குற்றம் சொல்வது என்று கேட்பீர்கள். பழகப் பழகத்தான் இது வரும், பல வருடம் நிம்மதியாகப் போட்டவர்களுக்கும் திடீரென்று வரும். இன்றைக்கு அரிப்போடு நிற்பது அடுத்த தடவை நீர்க் கொப்புளமாகவும், கண் இமை திறக்க முடியாத வீக்கமாகவும் வரலாம். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தோல் மருத்துவரைப் பார்க்கும்போது அந்தப் பாக்கெட்டை அட்டையோடு எடுத்துப் போங்கள். முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. வாசலினில் 1 சதவீதம் பிபிடி கலந்து ஒட்டி, 48 மணி கழித்து எடுத்து, அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில் மறுபடி பார்ப்பார்கள். அதே டையைக் கையில் தடவி வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வேண்டாம். ஏற்கெனவே அரிக்கிற உடம்புக்கு அது சோதனை ஆகாது, இன்னொரு தாக்குதல்தான். சோதனையில் ஒவ்வாமை உறுதியானால் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பென்சோகெய்ன் கலந்த, தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்புகளும் சிலருக்கு இதே தொல்லையைத் தரும். திருவிழாக்களில் கையில் வரைகிற கறுப்பு டாட்டூவும் உங்களுக்கு ஆகாது. முடியில் ஏற்கெனவே ஏறி நிற்கும் கறுப்பைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். அது வினை முடிந்து அடங்கிய நிறம், அதனால் அரிப்பு வருவது அரிது.

இப்போது தோழிகளுக்கு வருவோம்.

"அமோனியா இல்லாத டை" என்றவரின் யோசனை உங்களுக்குச் சரிப்படாது. அமோனியாவின் முக்கிய வேலை முடியின் மேல் செதிலைத் திறந்துவிடுவது. அதற்குப் பதில் எத்தனாலமின் போட்டால் நெடி குறையும், அவ்வளவுதான். நிறம் தருகிற பிபிடி பெரும்பாலும் பெட்டிக்குள் அப்படியே இருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ஃபினைலீன்டையமின், டோலுவீன்-2,5-டையமின், அமினோஃபீனால் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம். முதலாவது ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு இரண்டாவதும் ஒத்துக்கொள்ளாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் படும் கலவையில் பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. உட்பொருள் பட்டியலே அச்சிடாத பொட்டலத்தில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? பட்டியல் இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள்.

"பழுப்புக்கு மாறு" என்ற தோழி நிறத்தைப் பற்றிச் சொன்னது நியாயம்தான். நாற்பதைத் தாண்டிய முகத்துக்கு டைப் பெட்டியில் எண் 1 என்று போட்டிருக்கும் கறுப்பைவிட எண் 3, எண் 4 பழுப்பு இளக்கமாக இருக்கும். நரை முளைக்கும்போது தெரிகிற கோடும் அவ்வளவு உறுத்தாது. ஆனால் தொழிலில் முதல் பாடமாகச் சொல்வது ஒன்று உண்டு: சாயத்தைச் சாயம் வெளுக்காது. எட்டு வருடக் கறுப்பின் மேல் பழுப்புப் பெட்டியைப் போட்டால் வேரோரம் ஒன்றரை சென்டிமீட்டர் மட்டும் செம்புப் பளபளப்பாக எழும், கீழே உள்ள முடி அதே கறுப்பாக இருக்கும். தலையில் விளக்கு வைத்த மாதிரித் தெரியும். முழுதும் பழுப்பாக வேண்டுமென்றால் கறுப்பை நீக்கியாக வேண்டும். அதற்குப் பியூட்டி பார்லரில் ப்ளீச் என்பார்கள்.

ப்ளீச்சுக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். மலிவான கறுப்புப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்பும் இருக்கும். அது பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடேறும், புகையும், சில சமயம் அப்படியே அற்றுப்போகும். உள்பக்க முடியில் தீக்குச்சி கனத்துக்கு ஒரு கற்றையை வெட்டி நூலால் கட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 30 மில்லி, அமோனியா 20 சொட்டு. அதில் கற்றையை 30 நிமிடம் ஊறவிட வேண்டும். கிண்ணம் சுட்டாலோ, நுரைத்துப் பொங்கினாலோ, நாற்றம் எழுந்தாலோ, இழுத்தால் முடி சவ்வாக நீண்டாலோ அந்தத் தலையில் ப்ளீச் வைக்கக் கூடாது. சற்றே சீராக வெளுத்து முடி உறுதியாக இருந்தால் வைக்கலாம். இந்தச் சோதனைக்கு நேரமில்லை என்கிற பார்லர் உங்கள் தலைக்கு ஆகாது. சோதனையில் தேறினாலும், ப்ளீச் வைத்த பின் மேலே பூசும் டோனரில் பெரும்பாலும் அதே டையமின் சாயம்தான் இருக்கும். அரிப்புக்கு விடை கிடைக்காமல் ஐந்து வாரத்துக்குள் இந்த வழியில் போகாதீர்கள்.

ஆக மருதாணி, அவுரி என்ற தோழியின் பேச்சுத்தான் உங்களுக்கு ஒத்துவரும். ஒரே ஒரு எச்சரிக்கை. அவுரி ஏறிய முடியைப் பின்னால் ப்ளீச் செய்தால் பச்சை பாரிக்கும், அதைச் சரிசெய்வது லேசில்லை. இந்த வழியில் இறங்கினால் பார்லர் ப்ளீச்சை மறந்துவிட வேண்டும்.

தேதி வைத்து யோசிப்போம். முதல் இரண்டு வாரம் தலையில் எந்தச் சாயமும் படக் கூடாது. அரிப்பும் செதிலும் முழுதாக ஆறட்டும். எலுமிச்சை, வெந்தயம், தனக்கா மரப்பட்டைச் சாந்து என்று எதையும் அந்த இடத்தில் பூசாதீர்கள். அந்த நாட்களில் வெளியே போக வேண்டியிருந்தால் இரும்பு ஆக்சைடு நிறம் கலந்த டச்-அப் பொடியை வகிட்டில் தட்டிக்கொண்டால் போதும், ஒரு குளியலில் போய்விடும். மூன்றாம் வாரம் மருதாணி, அவுரிப் பொடிகளைச் சோதியுங்கள். நாலாம் வார நடுவில் முதல் பூச்சு, அதாவது விருந்துக்குப் பத்து நாள் முன். நரை விடாப்பிடியாக இருக்கும் நெற்றி ஓரத்துக்கு மட்டும் விருந்து வாரத் திங்களோ செவ்வாயோ இரண்டாம் பூச்சு.

"சுத்தமான மருதாணி" என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கினால் போதாது. ஒரு தேக்கரண்டிப் பொடியை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் கொட்டிப் பதினைந்து நிமிடம் பாருங்கள். நல்ல மருதாணி காய்ந்த புல் வாசனையோடு, பாசிப்பச்சை நிறத்தில் இருக்கும். ஓரத்தில் மெல்ல மஞ்சளும் ஆரஞ்சும் கசியும். கரும்பழுப்பும் கறுப்பும் கசிந்தால் அது நீங்கள் விட்டொழித்த அதே சரக்கு. டிஷ்யூவில் தேறியதை முழங்கை மடிப்பில் ஒரு பொட்டளவு வைத்து ஒரு மணி கழித்துக் கழுவி, 48 மணி பொறுத்திருங்கள். அவுரிக்கும் இதேபோல் தனியாக. மருத்துவரிடம் போகும்போது இரண்டு பொடியையும் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

உங்களுக்கு வேண்டியது பழுப்பு என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கலக்கலாம். கறுப்பு வேண்டியவர்கள்தான் முதலில் மருதாணி, கழுவியபின் அவுரி என்று இரண்டு தரம் போட வேண்டும். மருதாணி ஒரு பங்குக்கு அவுரி இரண்டு பங்கு போட்டால் அடர் பழுப்பு வரும், கீழே உள்ள பழைய கறுப்போடு ஓரளவு இழைந்து நிற்கும். சரிபாதி போட்டால் நரை செம்பட்டையாகத் தெரியும், கீழ்முடியோடு ஒட்டாது. வேரோரத்துக்கு மட்டும் மருதாணி 20 கிராம், அவுரி 40 கிராம் போதும். மொத்த முடிக்கும் பூச வேண்டாம். கறுப்பின் மேல் அது எடுபடாது, பொடிதான் வீண்.

மருதாணியை 60 மில்லி வெதுவெதுப்பான நீரில் கெட்டித் தயிர்ப் பதத்தில் குழைத்து மூடி வையுங்கள். மார்ச், ஏப்ரல் ரங்கூன் வெக்கையில் ஐந்து மணி நேரம் போதும். இரவு முழுக்க வெளியில் வைத்தால் வீரியம் போய்விடும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடத்தில் துடைத்தால் ஆரஞ்சுத் தடம் தெரிய வேண்டும், அதுதான் பதம். தேயிலை டிகாக்‌ஷன் சேர்ப்பவர்கள் சேர்க்கட்டும். நீங்கள் ஆறிவருகிற தலையோடு இருப்பதால் எலுமிச்சைச் சாறு வேண்டாம்.

அவுரியை முன்கூட்டிக் கரைக்கவே கூடாது. பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். மற்றதெல்லாம் தயாராகித் தலையும் வகிடு பிரித்த பிறகு, 40 கிராம் பொடியில் ஒரு சிட்டிகை உப்பும் 100 மில்லி வெதுவெதுப்பான நீரும் விட்டுக் கரைத்துக் கிண்ணத்தையே பாருங்கள். முதலில் கீரை மசியல் மாதிரிப் பச்சை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மேலே மயில் கழுத்து நிறத்தில் மெல்லிய ஏடு படரும், கரண்டியால் விலக்கினால் அடியில் இன்னும் பச்சை. அந்த நேரம்தான் நேரம். உடனே மருதாணியோடு கலந்து பூசத் தொடங்குங்கள், அரை மணிக்குள் முடித்துவிடுங்கள். கிண்ணம் முழுதும் நீலமாகிவிட்டால் அந்த நிறம் முடிக்குள் நடக்க வேண்டியதைக் கிண்ணத்திலேயே முடித்துக்கொண்டது. அதை எவ்வளவு அப்பினாலும் முடிக்குள் இறங்காது, தலை ஆரஞ்சாகத்தான் நிற்கும். கொதிக்கிற நீர் ஊற்றினாலும், புளிப்புப் பட்டாலும், பொடி பழசாக இருந்தாலும் இதே கதி. மழைக்காலத்தில் திறந்து வைத்த பொட்டலம் இரண்டு மாதத்தில் செத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் இறுக்கி வையுங்கள்.

பூசுவதற்கு முதல் நாள் ஷாம்பு போட்டு எண்ணெயை முழுதாக எடுத்துவிட வேண்டும், கண்டிஷனர் கூடாது. நம் வீடுகளில் தலை வறண்டுவிடுமே என்று ஒரு கை தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு உட்காருவார்கள். பிறகு சாயம் பிடிக்கவில்லை என்று பொடியைத் திட்டுவார்கள். நெற்றி ஓரத் தோலில் மட்டும் வாசலின் தடவுங்கள். தனக்கா பூசிய முகத்தோடு உட்கார வேண்டாம், நீரில் குழைத்த பொடி சாயத்தை இழுத்துக்கொள்ளும். முடியை நாலாகப் பிரித்து, நரை கெட்டியாக இருக்கும் நெற்றியிலும் காதோரத்திலும் முதலில் அப்புங்கள். பிறகு ஒரு விரல்கடை அகலத்துக்கு வகிடு எடுத்து எடுத்துப் பின்னால் போங்கள். பிளாஸ்டிக் தொப்பி போட்டு இரண்டரை மணி நேரம். காய்ந்தால் வேலை நின்றுவிடும், தொப்பி அதற்குத்தான்.

வெறும் நீரில் அலசுங்கள். அலசி முடித்துக் கண்ணாடியில் பார்த்தால் திக்கென்று இருக்கும். நரை பச்சை கலந்த செம்பட்டையாகத் தெரியும். பதறிக் கொண்டு மேலே எதையும் போடாதீர்கள். காற்றுப் பட்டு இரண்டு நாளில் அடர் பழுப்பாக இறங்கும். அந்த 48 மணி நேரம் ஷாம்பு வேண்டாம். இரண்டு நாள் கழித்தும் ஆரஞ்சு நின்றால் அந்த இடத்தில் அவுரி மட்டும் ஒரு மணி நேரம் வையுங்கள்.

வீட்டுத் தண்ணீரையும் பார்க்க வேண்டும். குழாய்க் கிணற்று நீர் என்றால் வாளியின் உள்விளிம்பில் செம்மண் கறை படிகிறதா பாருங்கள். படிந்தால் நீரில் இரும்பு இருக்கிறது. அது முடியில் படிந்து பழுப்பை மங்கலாக்கும். குழைப்பதற்கும் கடைசி அலசலுக்கும் குடிநீருக்கு வாங்கும் 20 லிட்டர் கேனிலிருந்து இரண்டு லிட்டர் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது.

பத்து நாள் முன்பே போடச் சொல்வதற்கு இரண்டு காரணம். தோலில் ஏதாவது கிளம்புவதென்றால் அதற்குள் தெரிந்துவிடும். இரண்டாவது, புது அவுரி முதல் நாலைந்து அலசலில் நீலம் கக்கும். கரியடுப்பின் வெக்கையில் வியர்த்தால் ரவிக்கைக் கழுத்தில் தெரியும். திஞ்சானில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றும்போது கேட்கவே வேண்டாம். புத்தாண்டுக்குத் தலைமுழுக வீட்டில் தயோ பட்டையும் கின்முனும் கொதிக்க வைப்பார்கள், இல்லையா? கின்முன் நம் சீயக்காய்தான். பூசி ஒரு வாரம் கடந்திருந்தால் அதில் தாராளமாகக் குளிக்கலாம்.

பழைய கறுப்பு முழுதும் போக நாளாகும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் வளரும், தோள் வரை என்றால் மூன்று வருடக் கணக்கு. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் நுனியில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டிக்கொண்டே வாருங்கள். கழுத்தளவு முடி உங்களுக்குப் பிடிக்குமானால் கணக்குப் பாதியாகிவிடும். மருத்துவர் எல்லாச் சாயமும் வேண்டாம் என்று சொன்னாலும் இந்த வெட்டுத்தான் வழி. நரையை விட்டுவிட்ட உங்கள் தோழி எப்படி அந்த இரட்டை நிற மாதங்களைக் கடந்தார் என்று அடுத்த தடவை கூடும்போது அவரையே கேளுங்கள். அந்த மேசையில் அனுபவித்துச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

ஒன்று விட்டுப்போனது. அவுரி கலக்காத மருதாணிக் குழைவு மிஞ்சினால் ஃப்ரீசரில் வைத்து அடுத்த மாதம் எடுக்கலாம், கலந்தது ஆகாது. மிஞ்சியதை வீட்டுக் கைக்குழந்தையின் கையில் காலில் வைத்து அழகு பார்க்க மட்டும் வேண்டாம். இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்கு மருதாணி தோல் வழியே இறங்கி அந்த அணுக்களை உடைத்துவிடலாம். அந்தக் குறைபாடு பர்மாவில் அபூர்வமில்லை, மலேரியாவுக்கு ப்ரைமாகுயின் கொடுப்பதற்கு முன் மருத்துவர்கள் இதைப் பார்ப்பதும் அதனால்தான்.